திருவருகைக் காலம் முதல் திருக்காட்சி வரை: கிறிஸ்துமஸை அதன் பொருளோடு கொண்டாட ஒரு வழிகாட்டி

தீபாவளிக் கூட்டம் கலைந்த சில நாள்களிலேயே ஜவுளிக் கடைகளின் வாசலில் ஸ்டார்களும் பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தாவும் ஏறிவிடுகின்றன. அன்று தொடங்கும் விற்பனை டிசம்பர் 25 இரவோடு முடிந்து, மறுநாள் காலை அதே கண்ணாடிக்குப் பின்னால் புத்தாண்டுச் சலுகைப் பலகை தொங்குகிறது. திருச்சபையின் நாள்கணக்கு இதற்கு நேர்மாறானது. அதன்படி 25ஆம் தேதிக்கு முந்தைய வாரங்கள் காத்திருப்புக்கு உரிய திருவருகைக் காலம்; கொண்டாட்டம் 25 அன்றுதான் தொடங்கி, கீழ்த்திசை ஞானிகள் குழந்தை இயேசுவைக் கண்டதை நினைவுகூரும் ஜனவரி 6ஆம் தேதியின் திருக்காட்சிப் பெருவிழா வரை நீள்கிறது. வணிகம் நம்மிடமிருந்து முதலில் எடுத்துக்கொண்டது பணத்தை அல்ல, இந்த நாள்கணக்கைத்தான் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே, கிறிஸ்துமஸை அதன் பொருளோடு கொண்டாட விரும்புகிறவர் முதலில் மீட்டுக்கொள்ள வேண்டியதும் அதையே.

புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள், கிறிஸ்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள், பிறப்பிலேயே கிறிஸ்தவர்களாக இருந்தும் கிறிஸ்துமஸ் என்றால் புத்தாடை, கேக், ஸ்டார் என்ற அளவிலேயே பழகிவிட்டவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கத்தோலிக்கத் திருச்சபை, தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் திருச்சபை ஆகியவற்றின் வழக்கங்களில் வேறுபாடு உள்ள இடங்களில் அதைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

முதல் படி: திருவருகைக் காலத்தின் தொடக்க நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

நவம்பர் 30, திருத்தூதர் அந்திரேயாவின் திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறே திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அது நவம்பர் 27க்கு முன்போ டிசம்பர் 3க்குப் பின்போ வராது. அதிலிருந்து நான்கு ஞாயிறுகள் உண்டு. சீர்திருத்தத் திருச்சபைகளில் இதனை அட்வெந்து என்றும் சொல்வார்கள். பீடத்தின் விரிப்பும் குருவானவரின் மேலாடையும் ஊதா நிறத்துக்கு மாறுவதே இதன் வெளி அடையாளம். கத்தோலிக்கத் திருப்பலியில் இந்த ஞாயிறுகளில் ‘உன்னதங்களிலே’ எனத் தொடங்கும் வானவர் கீதம் பாடப்படுவதில்லை. வாரக்கணக்கில் அடக்கிவைத்த அந்தப் பாடல் கிறிஸ்துமஸ் இரவில் மணியோசையோடு எழும்போது, காத்திருந்தவருக்கும் காத்திராதவருக்கும் அது ஒரே மாதிரி கேட்பதில்லை. புதிதாக வருகிறவர்கள் இந்த ஒன்றையாவது கவனித்து அனுபவிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கத்தோலிக்க வாசக முறையில் முதல் ஞாயிற்றின் நற்செய்தி பெத்லகேமைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆண்டவர் மீண்டும் வரப்போவதைப் பற்றியும் விழித்திருப்பதைப் பற்றியும் பேசுகிறது. இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான் முன்னால் நிற்கிறார். மரியாளும் யோசேப்பும் நான்காம் ஞாயிற்றில்தான் வருகிறார்கள். இந்த வரிசையைப் பார்த்தால், திருவருகைக் காலம் குழந்தையின் பிறந்தநாளுக்கான ஏற்பாடு மட்டும் அல்ல, நம் வாழ்வைச் செம்மைப்படுத்திக்கொள்ளும் காலம் என்பது விளங்கும். ஆகவே வீட்டு நாள்காட்டியில் நான்கு ஞாயிறுகளையும், டிசம்பர் 25 தொடங்கி ஜனவரி 6 வரையுள்ள நாள்களையும் இப்போதே வெவ்வேறு நிறத்தில் வட்டமிட்டுவிடுங்கள். அலங்காரங்களை ஒரே நாளில் ஏற்றிவிடாமல் வாரம் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

‘இயேசு டிசம்பர் 25 அன்றுதான் பிறந்தாரா?’ என்ற கேள்வி உங்களிடம் கட்டாயம் வரும். திருமறை பிறந்த தேதியைச் சொல்லவில்லை. 354ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஒரு ரோமை நாள்காட்டியிலிருந்து, 336 அளவில் அந்நகரில் இந்தத் தேதியில் விழா கொண்டாடப்பட்டது தெரிகிறது. திருச்சபை கொண்டாடுவது பிறந்த தேதியின் துல்லியத்தை அல்ல, இறைமகன் மனிதரானார் என்னும் உண்மையை. இதற்கு மேல் அந்த விவாதத்தில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

இரண்டாம் படி: செலவுக் கணக்கை நற்செய்திக்கு அருகில் வைத்து எழுதுங்கள்

இதை நவம்பர் மாதச் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே, வீட்டார் அனைவரும் உட்கார்ந்து செய்ய வேண்டும். உட்கார்ந்ததும் லூக்கா 2:22 முதல் 24 வரையுள்ள வசனங்களைச் சத்தமாக வாசியுங்கள். குழந்தை பிறந்து நாற்பது நாளானபின் மரியாளும் யோசேப்பும் எருசலேம் ஆலயத்துக்குச் செல்கிறார்கள். அவர்கள் கொண்டுபோன காணிக்கை ஒரு ஜோடிப் பறவைகள். இதன் பொருள் லேவியராகமம் 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பிள்ளை பெற்ற தாய் ஆட்டுக்குட்டி ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவர வேண்டும். ஆட்டுக்குட்டிக்கு வசதி இல்லாதவள் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம் என்பது அங்குள்ள சட்டம். உலகம் முழுவதும் யாருடைய பிறப்பைக் கொண்டாடுகிறதோ, அவருடைய பெற்றோர் ஓர் ஆட்டுக்குட்டி வாங்க முடியாதவர்களாக ஆலய வாசலில் நின்றிருக்கிறார்கள். முதல் கிறிஸ்துமஸ் குடும்பத்தின் வரவுசெலவைப் பற்றித் திருமறை நமக்குக் காட்டும் செய்தி இது. பிள்ளைக்குப் புதுச்சட்டை எடுக்க வழியில்லையே என்று டிசம்பரில் கூசி நிற்கும் எந்தத் தகப்பனும் இந்த வசனத்தை அறிந்திருக்க வேண்டும். ‘அவர் ஐசுவரியமுள்ளவராயிருந்தும், உங்கள் நிமித்தம் தரித்திரரானார்’ என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் சொல்வதும் இதைத்தான்.

அதன்பின் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கை எழுதுங்கள். முதல் வரியில் துணிமணியையோ கேக்கையோ எழுதாமல், இந்த வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவருக்கு நாம் செய்யப்போவது என்ன என்பதை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, இந்தப் பண்டிகைக்கென்று கையில் 20,000 ரூபாய் இருக்கிறது என்றால், முதல் வரியில் 2,000 ரூபாய் என்று எழுதி, யாருக்கு, எதற்கு என்பதையும் பெயரோடு குறியுங்கள். ‘மிச்சமிருந்தால் ஏழைகளுக்கு’ என்று கடைசி வரியில் எழுதினால் மிச்சம் இருப்பதே இல்லை. இது எல்லா வீடுகளிலும் நடப்பதுதான். இரண்டாவது வரியில் ஆலயக் காணிக்கை வரட்டும். துணி, பலகாரம், கேக், பயணம் ஆகியவை அதற்குப் பிறகு வரட்டும்.

புத்தாடையை நான் குறை சொல்லவில்லை. ஆண்டு முழுவதும் பழைய சட்டையில் பள்ளிக்குப் போன பிள்ளைக்குக் கிறிஸ்துமஸ் சட்டை ஒரு பெரிய மகிழ்ச்சி. அதைத் தடுப்பது பக்தி ஆகாது. ஆனால் நகையை அடகு வைத்தோ, கைமாற்று வாங்கியோ, கிரெடிட் கார்டில் தவணை போட்டோ கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை என்பதை மட்டும் மாறாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படிக் கொண்டாடிய பண்டிகையின் வட்டி ஈஸ்டர் வரை வீட்டைத் துரத்தும்.

மூன்றாம் படி: லூக்காவை மெதுவாக வாசியுங்கள்

லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரங்கள் உள்ளன. டிசம்பர் 1 முதல் நாளுக்கு ஓர் அதிகாரமாக வாசித்தால், 24ஆம் தேதி இரவு உயிர்த்த ஆண்டவரின் அதிகாரத்தில் போய்ச் சேர்வீர்கள். பல நாடுகளில் கிறிஸ்தவர்கள் கடைப்பிடிக்கும் எளிய முறை இது. முழு அதிகாரம் அதிகம் என்று தோன்றினால், முதல் இரண்டு அதிகாரங்களையும் மத்தேயுவின் முதல் இரண்டு அதிகாரங்களையும் நான்கு வாரங்களுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். அவற்றோடு ஏசாயாவின் 9, 11, 40ஆம் அதிகாரங்களையும், கடைசி வாரத்தில் யோவான் 1:1-14 பகுதியையும் சேர்த்துக்கொண்டால் போதும். பழைய மொழிபெயர்ப்பான பரிசுத்த வேதாகமம், பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ஆகிய இரண்டில் உங்கள் ஆலயத்தில் எது வாசிக்கப்படுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மனத்துக்குள் வாசிக்காமல் வாய்விட்டு வாசியுங்கள். ஒவ்வொரு நாளும் வீட்டில் வேறொருவர் வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் விளக்கம் சொல்ல முயலாமல், எந்த வரி மனத்தில் நின்றது என்று மட்டும் ஒவ்வொருவரும் சொன்னால் போதும். மரியாளின் பாடலுக்கு, அதாவது லூக்கா 1:46-55 பகுதிக்கு, ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். ‘பசியுள்ளவர்களை நன்மைகளினால் நிரப்பி, ஐசுவரியமுள்ளவர்களை வெறுமையாய் அனுப்பிவிட்டார்’ என்று பாடியவள் நாசரேத்து என்னும் சிற்றூரின் இளம்பெண். கடை விளம்பரங்களில் வரும் கிறிஸ்துமஸில் இந்த வரிக்கு இடமில்லை. நம் வீட்டுக் கிறிஸ்துமஸில் இதற்கு இடம் இருக்கிறதா என்பதை அன்று பேசிப் பாருங்கள்.

நான்காம் படி: கையால் செய்யுங்கள்

திருவருகை வளையம் வாங்கும் பொருளாகத் தொடங்கியது அல்ல. ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கான இல்லம் ஒன்றை நடத்திய லுத்தரன் போதகர் யோகான் ஹின்ரிக் விக்கர்ன், கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்காக 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளைப் பொருத்தினார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரிகள் நான்கும் மற்ற நாள்களுக்குச் சிறிய திரிகளும் அதில் இருந்தன. இன்று நாம் காணும் நான்கு திரி வளையம் அதிலிருந்து வந்தது.

வீட்டில் செய்ய ஓர் எவர்சில்வர் தாம்பாளம் போதும். அதில் ஈர மணலைப் பரப்பி, ஓரமாக நான்கு மெழுகுதிரிகளை ஊன்றி, சுற்றிலும் பச்சைத் தழைகளை வையுங்கள். கத்தோலிக்க வழக்கில் மூன்று திரிகள் ஊதா நிறத்திலும் மூன்றாம் ஞாயிற்றுக்கு உரியது இளஞ்சிவப்பிலும் இருக்கும். கிடைக்காவிட்டால் நான்கும் வெள்ளையாகவே இருக்கலாம். நம் ஊரில் மரத்துக்கும் குடிலுக்கும் சவுக்குக் கிளைகளைப் பயன்படுத்துகிறோம். ஆனால் காய்ந்த சவுக்கு நொடியில் தீப்பிடிக்கும் என்பதால், வளையத்துக்கு அதைத் தவிர்த்து, ஈரப்பசையுள்ள குரோட்டன்ஸ் அல்லது மாவிலையை வைத்து, வாரந்தோறும் மாற்றுங்கள். முதல் ஞாயிறு மாலை ஒரு திரி, அடுத்த ஞாயிறு இரண்டு என்று ஏற்றி, அன்றைய வாசகத்தை அதன் முன்னால் வாசியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஏற்றுவதும், எரியும் திரியை விட்டு நகராமல் இருப்பதும் அவசியம்.

குடிலின் வரலாறும் இதைப் போன்றதே. 1223இல் அசிசியின் பிரான்சிஸ், இத்தாலியின் கிரேச்சியோ என்ற ஊரில் வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும் கொண்டுவரச் செய்து, தீவனத்தொட்டியின் முன்பாகத் திருப்பலி நிறைவேற்ற ஏற்பாடு செய்தார். பெத்லகேம் குழந்தை பட்ட வசதிக்குறைவைக் கண்ணால் காண வேண்டும் என்பதே அவருடைய ஆசை. வசதிக்குறைவைக் காட்டுவதற்காகத் தோன்றிய குடில், இன்று எந்த வீட்டில் அதிக விளக்கு, எந்தத் தெருவில் பெரிய நீரூற்று என்ற போட்டியாக மாறியிருப்பது வருத்தத்துக்குரியது.

குடிலுக்கான பச்சையைப் பிள்ளைகளே வளர்க்கலாம். அகலமான தட்டில் மண்ணைப் பரப்பி, ஊறவைத்த கேழ்வரகையோ வெந்தயத்தையோ டிசம்பர் 12 அல்லது 13ஆம் தேதி தூவி, தினமும் தண்ணீர் தெளித்தால், 24க்குள் விரல் உயரத்துக்குப் பசும்புல் நிற்கும். வாங்கிய பிளாஸ்டிக் புல்லைப் பிள்ளைகள் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். தாங்கள் விதைத்ததைத் தினமும் காலையில் எழுந்ததும் வந்து பார்ப்பார்கள். குழந்தை இயேசுவின் சுரூபத்தை, அதாவது சிறு சிலையை, 24ஆம் தேதி இரவு வரை தொட்டிலில் வைக்க வேண்டாம். ஞானிகளின் சுரூபங்களையும் குடிலுக்குள் வைக்காமல், அறையின் மறுகோடியில் வைத்து, நாள்தோறும் சற்று நகர்த்தி, திருக்காட்சிப் பெருவிழா அன்று வந்து சேரும்படி செய்யுங்கள். அவர்கள் மூவர் என்று மத்தேயு சொல்லவில்லை என்பதையும், குழந்தையை அவர்கள் கண்டது ஒரு வீட்டில் என்பதையும் அப்போது பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம். சுரூபங்கள் வைக்கும் வழக்கம் இல்லாத திருச்சபையினர் இந்தப் பகுதியை விட்டுவிடலாம். வளையமும் வாசிப்பும் போதும்.

ஐந்தாம் படி: கேரல் குழுவும் கிறிஸ்துமஸ் தாத்தாவும்

டிசம்பரின் இரவுகளில் கேரல் குழுவினர் வீடு வீடாக வருவார்கள். சில ஊர்களில் இதைப் பஜனை என்றும் சொல்வதுண்டு. கிட்டாரும் டிரம்முமாக இரண்டு பாடல்கள், தாத்தாவின் மிட்டாய், காணிக்கைக் கவர், காபி என்று பத்து நிமிடத்தில் வேன் அடுத்த தெருவுக்குப் போய்விடும். நீங்கள் வரவேற்கும் வீட்டாராக இருந்தால், பாடல்களுக்கு இடையில் லூக்கா 2:1-14 பகுதியை வாசித்து, வீட்டில் உள்ள நோயாளியின் பெயரைச் சொல்லி ஜெபிக்கும்படி குழுவினரைக் கேளுங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள். நீங்கள் குழுவில் ஒருவராக இருந்தால், காணிக்கை தர முடியாத வீடுகளையும், தனியே இருக்கும் முதியவர்களின் வீடுகளையும் பட்டியலின் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் அவர்களை எழுப்புவது முறையல்ல என்பதால் அவர்களின் முறை முதலில் வருவதே நல்லது.

தாத்தாவை வெறுத்து ஒதுக்க வேண்டிய தேவை இல்லை. அவருடைய மூலக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் போதும். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரின் ஆயராக இருந்தவர் புனித நிக்கோலாஸ். வரதட்சணை கொடுக்க வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டுக்குள் இரவில், யாருக்கும் தெரியாமல் பொற்காசு முடிப்புகளை அவர் எறிந்தார் என்று மரபு சொல்கிறது. அவருடைய திருநாளான டிசம்பர் 6 அன்று இந்தக் கதையைச் சொல்லி, நோட்டின் முதல் வரியில் எழுதிய தொகையை அன்றைக்கே சேர்ப்பித்துவிடுங்கள். கொடுத்ததைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட வேண்டாம். வாங்கியவரின் பிள்ளைகளும் அதைப் பார்ப்பார்கள்.

பரிசுகளைப் பொறுத்தவரை, திருப்பித் தர முடியாதவர்களை விருந்துக்கு அழை என்று லூக்கா 14ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னதே அளவுகோல். அலுவலகத்தில் சீட்டுக் குலுக்கிப் பரிசு மாற்றிக்கொள்வது நட்புக்கு உரியது, அது இருக்கட்டும். ஆனால் வீட்டு வேலைக்கு வருகிற அக்காவும், அடுக்ககத்தின் காவலாளியும், துப்புரவுப் பணியாளரும் அந்தக் குலுக்கலில் இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். முறுக்கு, அதிரசம், கல்கல், அச்சுமுறுக்கு, குமரிப் பக்கத்தின் முந்திரிக்கொத்து ஆகியவற்றைத் தட்டில் வைத்து அண்டை வீடுகளுக்குக் கொடுக்கும் நம் வழக்கம், கடையில் வாங்கிய பரிசுப் பெட்டியைவிடப் பல மடங்கு மேலானது. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் நம் வீட்டுக்குத் தட்டு அனுப்பியவர்களுக்கு அதை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஆறாம் படி: 24ஆம் தேதி இரவும் 25ஆம் தேதியும்

சமையலையும் கடை வேலையையும் 23ஆம் தேதியோடு முடித்துவிடுங்கள். இந்த ஒரு ஏற்பாட்டால் எல்லாம் எளிதாகும். கத்தோலிக்கர்கள் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனத்தை மூன்றாம் வாரத்திலேயே பெற்றுவிடுவது நல்லது, ஏனெனில் 24 அன்று வரிசை நீளமாக இருக்கும். அவர்களுக்கு நள்ளிரவுத் திருப்பலியும், தென்னிந்தியத் திருச்சபையினருக்குப் பெரும்பாலும் விடியலுக்கு முந்தைய ஆராதனையும் இருக்கும். நேரத்தை ஆலய அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். முதன்முறையாகச் செல்கிறவர்கள் அரை மணி நேரம் முன்னதாகப் போனால் இடம் கிடைக்கும். திருமுழுக்குப் பெறாதவர்கள் நற்கருணை வாங்கும் வேளையில் இருக்கையிலேயே அமர்ந்து ஜெபிக்கலாம். யாரும் தவறாக எண்ணமாட்டார்கள்.

மற்றவர்கள் வேறு சமயத்தில் இருக்கும் குடும்பத்தில் நீங்கள் மட்டும் கிறிஸ்தவர் என்றால், மேலே சொன்ன அனைத்தையும் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாள்தோறும் ஒரு வாசகம், ஒரு சிறு விளக்கு, முதல் வரித் தொகை ஆகிய மூன்றும் போதும். வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு செய்யுங்கள்.

ஏழாம் படி: 26ஆம் தேதி ஸ்டாரைக் கழற்றாதீர்கள்

பெரும்பாலானோர் விட்டுவிடும் படி இதுதான். டிசம்பர் 26, முதல் மறைசாட்சியான ஸ்தேவானின் நாள். 27, யோவானின் நாள். 28, ஏரோது அரசனால் கொல்லப்பட்ட மாசில்லாக் குழந்தைகளின் நாள். பிறப்பைக் கொண்டாடிய கையோடு திருச்சபை மரணத்தையும் அகதியாக எகிப்துக்கு ஓடிய குடும்பத்தையும் நினைக்கிறது. நம் கடற்கரை மக்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த ஆழிப்பேரலை வேளாங்கண்ணியிலும் நாகப்பட்டினத்திலும் குளச்சலிலும் எத்தனையோ குடும்பங்களைக் கொண்டுபோயிற்று. வேளாங்கண்ணியில் மாண்டவர்களில் கிறிஸ்துமஸுக்காக வந்திருந்த பயணிகளும் உண்டு. அந்த ஊர்களில் 26ஆம் தேதி நினைவு நாளாகவே நிற்கிறது. உங்கள் உறவிலோ தெருவிலோ இந்த ஆண்டு இறப்பு நேர்ந்த வீடு இருந்தால், பண்டிகை ஓய்ந்த 26 அல்லது 28 அன்று அங்கே சென்று உட்கார்ந்திருந்து வாருங்கள். ‘எல்லா ஜனத்துக்கும் மிகுந்த சந்தோஷம்’ என்று வானதூதர் சொன்ன செய்தி அவர்களுக்கும் உரியது. அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை, உடனிருந்தால் போதும்.

டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குச் சென்று, திருக்காட்சிப் பெருவிழா வரை குடிலையும் ஸ்டாரையும் வைத்திருங்கள். பல கத்தோலிக்க ஆலயங்களில் இவ்விழா ஜனவரி 6ஐ ஒட்டிய ஞாயிறன்று வரும். ஞானிகளின் சுரூபங்கள் குடிலை அடைந்தபின் எல்லாவற்றையும் வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் எடுத்துவைத்து, நோட்டைத் திறந்து, எழுதிய கணக்கையும் ஆன செலவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் வரிக்கான தொகையை அடுத்த டிசம்பரில் தேடாமல், ஜனவரிச் சம்பளத்திலிருந்தே மாதம் இருநூறோ முந்நூறோ தனி உண்டியலில் போட்டு வாருங்கள். அந்தப் பணத்தை டிசம்பர் வரை பூட்டிவைக்கவும் தேவையில்லை. நீங்கள் பெயர் எழுதிய குடும்பத்தின் பள்ளிக் கட்டணம் ஜூனிலேயே வந்துவிடும்.